ஒரே கதையை நான்கு வழியில் கற்பது எப்படி? கண்ணகி கதையை வைத்து ஒரு செய்முறை

கதையிலிருந்து கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நிறையக் கதைகளைப் படித்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நீதியை எழுதி வைப்பார்கள். சிலப்பதிகாரத்தின் நீதியை அந்த நூலே பதிகத்தில் சொல்லிவிடுகிறது: அரசியலில் தவறியவர்க்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தேடி வந்து ஊட்டும். பள்ளியில் தேர்வுக்காக இதை எழுதாதவர் குறைவு. ஆனால் இந்த மூன்று வரிக்காக 30 காதைகள் தேவையில்லை. கதையில் கற்க வேண்டியது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒருவர் முடிவெடுக்கும் இடம் ஒன்று. அதே கதையை வேறொருவர் சொல்லும்போது மாறிப்போகும் இடம் இன்னொன்று.

அதனால் பத்துக் கதைகளை ஒரு வழியில் கற்பதைவிட, ஒரு கதையைப் பேச்சு, புத்தகம், பாட்டு, படம் என்ற நான்கு வழியிலும் கற்பது பலன் தரும். கண்ணகி கதை இந்த நான்கிலும் உயிரோடு இருக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம்.

தேவையானவை

கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று, பென்சில், ஒலிப்பதிவு செய்யும் கைபேசி, காதில் மாட்டிக் கேட்கும் கருவி, உரையுடன் கூடிய சிலப்பதிகாரம். உ.வே.சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பில் அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் உண்டு. முதல்முறை படிப்பவர்களுக்கு அது கனமாக இருக்கும். அவர்கள் ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரையிலிருந்து தொடங்குவது நல்லது. மூலத்தையும் உரைகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

முதலில் ஒரு பக்கம், நினைவிலிருந்து

எதையும் திறப்பதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த கண்ணகி கதையை ஒரே பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள். இருபது நிமிடம் போதும். பெயர் மறந்துபோனால் இடம் விட்டு எழுதுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுகிறவர்கள்தான் பிறகு "எல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான்" என்பார்கள். பெரும்பாலான பக்கங்களில் மாதவி கோவலனைக் கெடுத்தவளாகவும், கண்ணகி பாண்டியன் அவைக்குப் போகும் வரை வாய் திறக்காதவளாகவும் இருப்பார்கள். நூலில் இரண்டும் இல்லை. மாதவியின் இரண்டாவது கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனிடம் வந்து சேர்கிறது. அதைப் படித்ததும், தவறு அவளுடையதன்று, தன்னுடையது என்று அவன் உணர்கிறான். கொலைக்களக் காதையில், சிலம்பை விற்கப் புறப்படும் முன், கண்ணகி அவன் முகத்துக்கு நேராகவே "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று சொல்கிறாள். நினைவுப் பக்கத்தை எழுதி வைத்திருந்தால்தான், இந்த இடங்களுக்கு வரும்போது நமக்கு யார் எதை மாற்றிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி எழும்.

பேச்சு: புத்தகத்துக்கு முன்னால்

வரிசை முக்கியம். பேச்சை முதலில் வைக்கக் காரணம் உண்டு. புத்தகத்தைப் படித்துவிட்டுப் பெரியவர்களிடம் போனால் அவர்களைத் திருத்தத் தொடங்கிவிடுவோம். "நூல்ல அப்படி இல்லியே" என்று ஒருமுறை சொன்னால் போதும், அதற்குப்பின் அவர்கள் நமக்குப் பிடித்ததை மட்டுமே சொல்வார்கள். சிலப்பதிகாரத்தின் பதிகமே, வேங்கை மரத்தடியில் கண்ட பெண்ணைப் பற்றிக் குன்றக் குறவர்கள் வந்து சொல்வதில்தான் தொடங்குகிறது. பின்னணியைச் சாத்தனார் வாயால் கேட்ட பிறகே இளங்கோவடிகள் எழுதுகிறார். பேச்சில் கிடைப்பதைப் புத்தகத்துக்குக் கீழே வைக்க வேண்டியதில்லை.

அறுபது வயதைக் கடந்த இருவரையாவது தனித்தனியே கேளுங்கள். ஒருவர் வீட்டுப் பெரியவராக இருக்கட்டும். மற்றவர் கூத்து, நாடகம், வில்லுப்பாட்டு, கோயில் பாட்டு இவற்றில் ஒன்றோடு தொடர்புள்ளவராக இருந்தால் நல்லது. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவார், இரண்டு கதை ஒன்றாகிவிடும்.

"கண்ணகி கதை தெரியுமா?" என்று கேட்காதீர்கள். தெரியும் என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும், இல்லையென்றால் பாடப்புத்தகத்துக் கதை வரும். "ஆச்சி, கோவலன் கதைய மொதமொதல்ல எங்க கேட்டீங்க?" என்று இடத்தைக் கேளுங்கள். இடம் நினைவுக்கு வந்தால் யார் சொன்னார்கள், அன்று என்ன விசேஷம் என்பது கூடவே வரும், கதையும் தானாக வரும். அடுத்து மூன்றே கேள்விகள் போதும். "அதுல உங்களுக்கு யாரு மேல கோவம் வரும்?" "எந்த இடத்துல அழுவாங்க?" "இப்படிச் சொல்லக் கூடாதுன்னு யாராவது சொல்லிருக்காங்களா?" கதை ஓடும்போது இடையில் எதுவும் கேட்க வேண்டாம். அவர் நிறுத்தினால், மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். நல்ல பகுதி அந்த இடைவெளிக்குப் பிறகுதான் அடிக்கடி வரும்.

பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். சம்மதம் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மேசை மேல் அப்படியே வைத்தால் டம்ளர் வைக்கும் ஓசையெல்லாம் இடியாகப் பதியும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர்கீழே உட்காராதீர்கள். குக்கர் ஏற்றும் நேரத்தில் போகாதீர்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், வயதானவர்களுக்குத் தொண்டை வறளும்.

அன்று இரவே கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரமாவது பிடிக்கும். முழுவதும் முடியாவிட்டால் கதையின் திருப்பங்களை மட்டும் எழுதலாம், ஆனால் அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். "வெட்டிப்புட்டான்" என்றதை "கொலை செய்தான்" என்று மாற்றினால் சொன்னவரின் கோபம் போய்விடும். அந்தக் கோபம்தான் நமக்குத் தேவையான தகவல்.

நூலுக்கு ஒத்துவராத செய்திகள் இதில் கட்டாயம் வரும். மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் 'கண்ணகி வழக்குரை'யில், அவள் பாண்டியனின் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். தமிழ்நாட்டுக் கதைப்பாடல்களில் அவள் காளியின் அம்சமாக வருவாள். எதையும் தவறென்று ஒதுக்காமல், ஓரத்தில் ஒரு குறியிட்டு வையுங்கள்.

புத்தகம்: ஆறு காதை, ஒரு அட்டவணை

முழு நூலும் சுமார் 5,000 அடி. முதல் சுற்றுக்கு மனையறம் படுத்த காதை, கானல்வரி, கனாத்திறம் உரைத்த காதை, கொலைக்களக் காதை, ஆய்ச்சியர் குரவை, வழக்குரை காதை என்ற ஆறு போதும். இடையில் நடப்பதை உரையாசிரியரின் கதைச் சுருக்கத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு காதையையும் முதலில் உரை பார்க்காமல் வாய்விட்டு வாசியுங்கள். புரியாத சொல்லின்கீழ் பென்சில் கோடு மட்டும் போட்டு மேலே போங்கள். இரண்டாம் முறை உரையோடு வாசியுங்கள். மூன்றாம் முறை மறுபடி மூலம் மட்டும். சொல்லுக்குச் சொல் உரை பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இருபதாவது அடியிலேயே களைத்துவிடுகிறார்கள். அகவல் நடை ஓடினால்தான் பொருளும் கூடவே வரும்.

இப்போது நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார் முடிவெடுத்தார், அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, என்ன செய்தார், அவர் கைக்கெட்டிய தூரத்தில் வேறு வழி இருந்ததா. நான்காவது கட்டம் எளிது, எல்லோரும் அதைத்தான் கதை என்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும்தான் கடினம், ஏனென்றால் வாசகருக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்கும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம்.

கொலைக்களக் காதையைப் பாண்டியனை வைத்து நிரப்பிப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்தது: தேவியின் சிலம்பு தொலைந்திருக்கிறது, அவள் ஊடியிருக்கிறாள், சிலம்போடு கள்வன் அகப்பட்டான் என்று அரண்மனைப் பொற்கொல்லனே வந்து சொல்கிறான். தெரியாதது: திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான். அவன் கைக்கெட்டியது: தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்ற செய்தி. பிறகு வழக்கின்போது அதை அவன் தன் வாயாலேயே சொல்கிறான். அதாவது உண்மையைக் கண்டுபிடிக்கத் தேவையான செய்தி முன்பே அவனிடம் இருந்தது. சிலம்பைக் கொண்டுவந்து உள்ளே என்ன பரல் என்று பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். 'கொடுங்கோலன்' என்று நினைவுப் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்தச் சொல் இங்கே எவ்வளவு சோம்பலானது என்பது தெரியும். ஊடலைத் தீர்க்க விரையும் ஒருவன், வழியில் வந்த செய்தி தனக்கு வசதியாக இருந்ததால் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டான். அலுவலகத்திலும் வீட்டிலும் நாள்தோறும் நடப்பது இதுதான்.

இதே காதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. கதையிலிருந்து கற்பதைப் பற்றி யோசிக்கும் எவரும் அதை விடக்கூடாது. கோவலனைப் பார்த்ததும் காவலர்களுக்கு ஐயம் வருகிறது. இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லை என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் என்ன செய்கிறான்? சான்று எதுவும் காட்டவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வரின் எட்டுத் துணைகளை அடுக்குகிறான். பிறகு இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த கெட்டிக்காரக் கள்வனின் கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட இளம் காவலன் ஒருவன் தானும் ஒரு கதை சொல்கிறான்: மழைக்கால நள்ளிரவில் எதிர்ப்பட்ட கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான் என்று. கள்வர்களைப் பற்றி இரண்டு நல்ல கதைகள் கேட்டாயிற்று. எதிரே நிற்பவன் கள்வனா என்ற கேள்வி மட்டும் காணாமல் போய்விட்டது. உடனே கல்லாத, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கதை நம்மைத் தவறாக நடத்தும் விதத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டுவது கடினம். இந்த இடத்தை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். அடுத்த ஒரு வாரம், யாராவது ஒரு கருத்தை நிறுவ "இப்படித்தான் ஒருத்தன்..." என்று கதை சொல்லும்போதெல்லாம் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: அந்தக் கதை எதைப் பற்றியது, இப்போது முடிவு செய்ய வேண்டியது எதைப் பற்றியது. இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

பாட்டு: யார், யாருக்கு, எந்த நேரத்தில்

கதைக்குள் இருக்கும் பாட்டைத் தனியே எடுத்துக் கேட்டால் அதன் பாதிதான் கிடைக்கும். ஆய்ச்சியர் குரவையின் 'வடவரையை மத்தாக்கி' பகுதியை எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடியதைப் பலர் பக்திப் பாடலாகக் கேட்டிருப்பார்கள். முதலில் அப்படியே ஒருமுறை கேளுங்கள். பிறகு நூலில் அதற்கு முந்திய அடிகளை வாசியுங்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது, பசுக்களின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி (கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர் பெண்), அந்த அச்சம் தீரத்தான் ஆயர் பெண்களைக் குரவை ஆடச் சொல்கிறாள். கண்ணகி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோவலன் வெட்டுண்ட செய்தி வாசகருக்கு முந்திய காதையிலேயே தெரியும், அவளுக்குத் தெரியாது. இப்போது அதே பாட்டை மறுபடி கேளுங்கள்.

எந்தப் பாட்டுக்கும் மூன்று கேள்விகளை எழுதும் பழக்கம் இங்கிருந்து வரட்டும். யார் பாடுகிறார், யார் கேட்கிறார், பாடும் நேரத்தில் இருவருக்கும் தெரியாதது என்ன. கானல்வரியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று எண்ணிய மாதவி, தன் மனத்திலும் வேறொருவன் இருப்பதுபோல் எதிர்ப்பாட்டுப் பாடுகிறாள். அவன் அதை உண்மையென்று நம்பி எழுந்து போய்விடுகிறான். இருவரும் கேட்டது பாட்டின் பொருளைத்தான், ஆனால் அது எதற்குப் பதிலாக வந்தது என்பதை அவன் கேட்கவில்லை. இதைத் தனியாக வாசிப்பதைவிட இருவராக மாறி மாறி வாய்விட்டு வாசித்தால் பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

படம்: கடைசியில், இரண்டு முறை

படத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், படம் கொடுக்கும் முகம் பிறகு அழியாது என்பது. முதலிலேயே பார்த்துவிட்டால், புத்தகத்தில் வரும் கண்ணகியும் நடிகையின் குரலிலேயே பேசுவாள். 1942இல் வந்த 'கண்ணகி'யில் பி.யு.சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தார்கள், வசனம் இளங்கோவன். 1964இன் 'பூம்புகார்' எஸ்.எஸ்.ராஜேந்திரனும் விஜயகுமாரியும் நடித்து, மு.கருணாநிதி வசனம் எழுதிய படம். கவுந்தியடிகளாகக் கே.பி.சுந்தராம்பாள் வருவார். ஒன்று போதும். இரண்டும் கிடைத்தால் வழக்காடும் காட்சியை மட்டும் இரண்டிலும் பாருங்கள்.

முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை சிலம்பைக் கொடுக்கும் இடம், கொலை, வழக்கு ஆகிய மூன்று காட்சிகள் மட்டும். ஒவ்வொன்றையும் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், யார் முகத்தில் கேமரா அதிக நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். பிறகு ஒலியோடு பார்த்து, வழக்குக் காட்சி எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். நூலில் வழக்குரை காதை 100 அடிக்கும் குறைவு, நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படம் எதை நீட்டியிருக்கிறது, எதைக் குறுக்கியிருக்கிறது? காவலர்களின் ஐயம் இருக்கிறதா? பொற்கொல்லன் சொன்ன கள்வர் கதை இருக்கிறதா? இல்லையென்றால், பழி யார் மேல் போய் விழுகிறது? ஒரு காட்சியை வெட்டினால் பொறுப்பு இடம் மாறும். இதை ஒருமுறை கண்டுகொண்டவர்கள் செய்தித் தொலைக்காட்சியையும் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

"நூலில் இருப்பதுபோல் இல்லை" என்று எழுதிவிட்டு நிறுத்துவது இங்கே நடக்கும் பெரிய தவறு. அது தொடக்கம்தான். அதை மாற்றியவருக்கு அந்தக் காலத்துப் பார்வையாளரிடம் எதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பது அடுத்த வரியாக இருக்க வேண்டும்.

நான்கையும் ஒரே தாளில் சேர்ப்பது

பெரிய தாளை எடுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பத்து நிகழ்ச்சிகள் எழுதுங்கள்: கண்ணகியின் பிறப்பு, திருமணம், மாதவி, பிரிவு, கனவு, சிலம்பு, கொலை, வழக்கு, தீ, அதற்குப் பின். மேலே பேச்சு, நூல், பாட்டு, படம் என்று நான்கு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வெறுமையாக இருக்கும் கட்டத்தை அப்படியே விடுங்கள், அதை நிரப்பக் கற்பனை செய்யாதீர்கள்.

அதிகம் வேறுபடும் வரிசையைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பெரும்பாலோருக்கு அது பாண்டியனின் முடிவாகவும் அதற்குப் பிந்திய பகுதியாகவும் இருக்கும். நூலில் அவன் "யானே கள்வன்" என்று சொல்லித் தானே உயிர் விடுகிறான். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் பாடப்படும் தோற்றம்பாட்டில் அவன் வதம் செய்யப்படுகிறான். அந்தப் பகுதி பாடி முடிந்த பிறகே பொங்கலுக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். மட்டக்களப்பில் அவளுடைய சினம் ஆறத் திருக்குளிர்த்தி செய்கிறார்கள். நூல் அரசனுக்கு ஒரு மானத்தை விட்டுவைக்கிறது. தோற்றம்பாட்டு அதைத் தருவதில்லை. மட்டக்களப்பின் சடங்கு அரசனை விட்டுவிட்டு எரிந்துகொண்டிருப்பவளைக் கவனிக்கிறது. இதில் எது சரி என்று தீர்ப்பு எழுத வேண்டாம். உங்களுக்கு அநீதி நடந்தால் இந்த மூன்றில் எதை எதிர்பார்ப்பீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். நினைவுப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டி வையுங்கள்.

இந்தப் பத்தி எழுத வராமல் நிற்பவர்களுக்கு ஒரு வழி: கதையை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தை நீங்களாகவே விட்டுவிட்டீர்கள், எந்த இடத்தில் குரல் உயர்ந்தது என்று உடனே குறியுங்கள். பிள்ளை கேட்கும் முதல் கேள்வியையும் எழுதி வையுங்கள். "அந்தக் கொலுசை ஏன் முன்னாடியே உடைச்சுப் பாக்கல?" என்று கேட்டால், நீங்கள் இரண்டு வாரம் செலவழித்து நிரப்பிய கட்டத்துக்கு அந்தப் பிள்ளை நேராக வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்த கதையைத் தேர்ந்தெடுக்க

நான்கில் மூன்று வழியாவது உங்கள் ஊரில் கிடைக்கும் கதையாக எடுங்கள். மதுரை வீரன் கதைக்குக் கதைப்பாடல், கூத்து, 1956இல் வந்த படம், ஊர் எல்லையில் கோயில் எல்லாம் உண்டு. நல்லதங்காள் கதையைத் தென்மாவட்டங்களில் இன்னும் வாய்மொழியாகச் சொல்லக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். அதில் முடிவெடுக்கும் இடங்கள் குறைவு, ஆனால் பஞ்சத்தில் வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்தும் அண்ணி மூளி அலங்காரியின் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை நிரப்புவது நல்ல பயிற்சி. அவளை வெறும் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கும். வீட்டில் எவ்வளவு தானியம் இருந்தது, அண்ணன் எங்கே போயிருந்தான், எத்தனை பிள்ளைகள் வந்து நின்றார்கள் என்பதையெல்லாம் கதை சொல்பவரிடமே கேளுங்கள். ஒவ்வொருவர் சொல்வதும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆடிக்கு முன்னால் போனால் அவர்களுக்கும் நேரம் இருக்கும்.